வெண்ணிலாவின் இரண்டாவது ஊசி

ஏற்காடு
3 ஜூலை 2025, வியாழன்

அன்புள்ள ஹேமா,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிந்தால் இன்னும் அசிங்கம். போன மாதம் தலைச்சோலையில் உங்கள் தடுப்பூசி முகாமில் நான் மயங்கி விழுந்தேன். ஊசி எனக்கில்லை. வேறொருவர் கையில் ஏறுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயதும் அதற்கேற்ற தொப்பையும் உள்ள ஓர் ஆண்மகன், மதியத்துக்கு வைத்திருந்த தக்காளி சாத அண்டாவுக்குள் முழங்கை வரை போய்விட்டேன். எழுந்து பார்த்தால் சட்டையெல்லாம் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து இன்னொரு முறை மயங்கினேன்.

டாக்டரம்மாவிடம், அதாவது உன்னிடம், சொல்ல வேண்டாம் என்று நர்சம்மாவைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். தங்கமான பெண். ஆனால் உன் அக்கா பழனியம்மாள் சட்டையைத் துவைக்கும்போது கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, வர்றவங்களை இன்னார்னு அடையாளங் காட்டறதுக்குத்தானே ஹேமா உங்களை வேலைக்கு வெச்சா? சோத்துல உழுந்து பொரண்டுட்டு வாறீங்களே" என்றாள். சட்டையை அவள் கையிலிருந்து வாங்கி நானே அலசிக் காயப்போட்டேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். என்னை அந்த வேலையிலிருந்து நிறுத்தினாய். போனில் என் நம்பரைத் தடுத்தாய். ஏரிக்கரை லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு, வாரப் பத்திரிகைக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதிக்கொண்டு, நானும் என் விதியை ஏற்றுக்கொண்டேன். இப்போது திடீரென்று அலுவலகத் தாளில் "திரு. ராஜேந்திரன் அவர்களுக்கு" என்று கடிதம். அக்கா புருஷனுக்கு இப்படி எழுதுகிற கொழுந்தியாளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். தலைச்சோலை வெண்ணிலாவை 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை சேலத்துக்கு நான் அழைத்து வர வேண்டுமாம். காரணம் ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன? முந்தாநாள்தான் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். எதற்கு அவளை வளைவு வளைவாக வாந்தி எடுக்கவைத்து மலையிறக்க வேண்டும்?

இதைச் சேலம் பஸ் கண்டக்டர் மாதேஷ் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. அடிவாரம் வருவதற்குள் பிரித்துப் படிக்கிற ஆள் என்பதால் உறையின் வாயில் மைதாப் பசை இரண்டு பூச்சு பூசியிருக்கிறேன்.

இப்படிக்கு,
திரு. ராஜேந்திரன் அவர்கள்

---

சேலம்
4 ஜூலை 2025

மாமா,

நீங்கள் மயங்கியது எனக்கு அன்று மாலையே தெரியும். நர்சுக்குச் சம்பளம் கொடுப்பது நான்.

உங்கள் நம்பரை ஏன் தடுத்தேன் என்று தெரியாதவர் போல எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் முதல் ஊசிக்கு முன்னால், அந்த ஊர் மக்களை உட்காரவைத்து நான் பொறுமையாக விளக்கினேன். இது மஞ்சள் காமாலை பி-க்கான தடுப்பூசி. பாதிப் பேருக்குப் பழைய ஊசி, பாதிப் பேருக்குப் புதியது. புதியதில் ஆய்வகத்தில் செய்த சிறு டி.என்.ஏ துண்டுகள் இருக்கும். கிருமிகளின் டி.என்.ஏ.வில் அடிக்கடி வருகிற ஒரு தொடரைப் போலவே அவை இருப்பதால், கிருமியே வந்துவிட்டது என்று உடம்பு விழித்துக்கொள்ளும். அந்த விழிப்பில் தடுப்பூசி நன்றாகப் பதியும். அந்தத் துண்டுகள் நம் டி.என்.ஏ.வோடு சேராது, அதை மாற்றாது. இவ்வளவும் சொல்லி நான் உட்கார்ந்ததும் நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். "பயப்படாதீங்க, பொறக்கற கொழந்தை கொஞ்சம் கம்பெனி மொதலாளி சாயல்ல இருக்கும், அவ்வளவுதான்" என்றீர்கள். ஊரே சிரித்தது. இரண்டாவது ஊசிக்கு இளவயதுப் பெண்கள் பாதிப் பேர் வரவில்லை.

டயாலிசிஸ் பிரிவில் என்னிடம் வருகிறவர்களில் பலருக்குப் பழைய ஊசி பிடிப்பதில்லை. திரும்பத் திரும்பப் போட்டாலும் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஒன்றும் இருக்காது. புதியது அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அதையும் கட்டுரையாக்கியிருப்பீர்கள்.

இப்போது வெண்ணிலா. ஊசிக்கு முன் எடுத்த அவர் ரத்தத்தில் குறை எதுவும் இல்லை. இரண்டாவது ஊசிக்குப் பின் எடுத்த ரத்தத்தில் மூட்டுவாதத்தைக் காட்டுகிற அளவு மிக அதிகமாக இருக்கிறது. நர்ஸ் போன் செய்து கேட்டபோது, காலையில் விரலை மடக்க முடியவில்லை, மணிக்கட்டு வீங்கியிருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

உடம்பின் காவலை எழுப்பிவிடுகிற மருந்தில் நாங்கள் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். எழுந்த காவல் சொந்த உடம்பையே அடிக்கத் தொடங்கிவிடக் கூடாது. ஒவ்வொருவரிடமும் அதைத் தேடிப் பார்த்துக்கொண்டேதான் வருகிறோம். இதுவரை யாரிடமும் இல்லை. வெண்ணிலா முதல் ஆளா என்று தெரியும்வரை, ஆய்வைக் கண்காணிக்கிற குழு எல்லா ஊர்களிலும் ஊசியை நிறுத்திவிட்டது.

வெள்ளிக்கிழமை மூட்டு மருத்துவர் அவருக்கு மாத்திரை தொடங்குவார். வலுவான மாத்திரை. கருவுற்றவர்களுக்குக் கொடுத்தால் கரு நிற்காது. முகாமில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று இருப்பதால் தடையில்லை.

ஒரே கேள்வி. இரண்டாவது ஊசியின்போது மேசை முன் உட்கார்ந்தது வெண்ணிலாதான் என்று உங்கள் கையெழுத்து சொல்கிறது. கண்ணால் பார்த்தீர்களா? எழுத்தில் பதில் வேண்டும். போனில் உங்கள் பேச்சில் எது பதில், எது சிரிப்பு என்று பிரிக்க எனக்கு நேரமில்லை.

ஹேமலதா

---

ஏற்காடு
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள ஹேமா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு உடனே தலைச்சோலைக்குப் போனேன். லாட்ஜில் தங்கியிருந்த தேனிலவு ஜோடி சாவி கேட்டு அரை நாள் மழையில் நின்றிருக்கிறது. அவர்கள் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய சோதனைகள் வரும்.

நீ எழுதிய டி.என்.ஏ விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மலையில் அதை வேறு மாதிரி சொல்லியிருக்க வேண்டும். கடைவீதியில் ஒருவன் "காட்டெருமை வந்துருச்சு" என்று கத்துகிறான். எருமை இல்லை, அவன் வாயில்தான் எருமை. ஆனால் தெரு முழுக்கக் கட்டையோடு வெளியே வந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து மூலையில் ஒரு திருடன் நின்றால் அத்தனை பேரும் அவன் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். பழைய ஊசி திருடனை மட்டும் காட்டுகிறது, புதிய ஊசி எருமை என்று கூச்சலும் போடுகிறது. சரிதானே? இதைச் சொல்லாமல் மைக்கில் அந்தச் சனியன் பிடித்த ஜோக்கைச் சொன்னேன். கைதட்டு வந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது.

வெண்ணிலாவைப் பார்த்தேன். மணிக்கட்டில் வீக்கமில்லை. வளையல் லொடலொடவென்று ஆடுகிறது. அவள் மாமியார் வெள்ளையம்மாள் நாற்பத்து நாலு வயதுக்காரி, நறுக்கென்று பேசுகிறவள். எனக்கு ஒரு பலாப்பழத்தைக் கொடுத்து, "வெண்ணிலா எங்கியும் வரமாட்டாளுங்க. நீங்களே ஏதாச்சும் சொல்லி நிறுத்திப் போடுங்க. உங்களுக்கு வாய்க்கென்னுங்க கொறச்சல்?" என்றாள். மகன் பிரவீன் பெங்களூரில் லாரி ஓட்டுகிறான். வீட்டில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான்.

ஹேமா, அந்த மாத்திரையை வெண்ணிலாவுக்குக் கொடுக்காதே. ஏன் என்று கேட்காதே.

கேட்பாய். அதனால் எஸ்டேட் கதை ஒன்று சொல்கிறேன். காலையில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பேர் வாசிப்பார். "மாரியம்மாள்" என்பார். மாரியம்மாள் அன்று காய்ச்சலில் படுத்திருப்பாள். அவள் நாத்தனார் கூடையோடு நின்று "இருக்கறனுங்க" என்பாள். ரைட்டருக்கு முகம் தெரியாமலா இருக்கும்? சாயங்காலம் மாரியம்மாள் பேருக்கு ஒரு கூடை காப்பிப்பழம் வந்துவிடுகிறது. வேலை ஆயிற்று. பேர் விட்டுப்போகவில்லை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றியதாக இந்த மலையில் ஒருவரும் நினைப்பதில்லை.

கதை அவ்வளவுதான். எனக்குத் தலை வலிக்கிறது.

ராஜேந்திரன்

---

சேலம்
7 ஜூலை 2025

மாமா,

உங்கள் கதையை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

வெண்ணிலாவின் பேருக்கு வேறொருவர் வந்து ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். ரத்தம் கொடுத்திருக்கிறார். கர்ப்பப் பரிசோதனைக்குச் சிறுநீரும் அவருடையதுதான் என்றால், அந்தப் பரிசோதனை வெண்ணிலாவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. நர்ஸ் செய்யும் போனையும் அவரே எடுக்கிறார். எனக்குப் புரிந்தது சரியா?

கூடையை யார் சுமந்தாலும் பழம் ஒன்றுதான். ஊசி அப்படியில்லை, மாமா. எந்த உடம்புக்குள் போயிற்று என்பதுதான் இங்கே எல்லாமே. மூட்டுவாதம் உள்ளவர்களை நாங்கள் முதலிலேயே விலக்கிவிட்டோம். ஏற்கெனவே தன்னையே அடித்துக்கொண்டிருக்கிற உடம்புக்குள் இந்த மருந்தைச் செலுத்தினால் என்ன ஆகும் என்று எங்களுக்கே தெரியாது. அப்படிப்பட்ட ஒரு பெண் அந்த மலையில் இருக்கிறார். காய்ச்சல் வந்ததா, வலி கூடியதா, யார் பார்க்கிறார்கள்? யாருமில்லை. நாங்கள் வெண்ணிலாவை நலமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நேற்று அந்தக் குரல் நர்சிடம் அழுதிருக்கிறது. "வலி தாங்க முடியலீங்க, மாத்திரை ஏதாச்சும் குடுங்க" என்று. வெண்ணிலா வர மறுத்தால் வெள்ளிக்கிழமை நர்சிடம் மாத்திரையைக் கொடுத்தனுப்பலாம் என்று மூட்டு மருத்துவர் சொல்கிறார். மாத்திரை அட்டையில் வெண்ணிலாவின் பேர் இருக்கும். வீட்டில் யார் விழுங்குவார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா?

எனக்குக் கதை வேண்டாம். பெயர் வேண்டும். மேசை முன் உட்கார்ந்தது யார், வெண்ணிலாவுக்கு மாத்திரை ஏன் கூடாது. இரண்டே வரி.

ஹேமா

---

ஏற்காடு
8 ஜூலை 2025, செவ்வாய்

அன்புள்ள ஹேமா,

இரண்டே வரியில் எழுதத் தெரிந்திருந்தால் நான் ஏன் பத்திரிகையில் பக்கக் கணக்கில் எழுதிப் பிழைக்கிறேன்?

சிரிக்காதே. நீ சிரிக்கவில்லை என்று தெரியும். மாதேஷ் கடிதத்தைக் கொடுக்கும்போதே, "சார், டாக்டரம்மா மொகம் செரியில்லீங்க. நீங்க ஏதாச்சும் தப்பு பண்ணிப் போட்டீங்களா?" என்றார். பஸ்ஸுக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி இந்த ஊரில் நான் என்ன செய்தேன் என்பதற்கு ஆளுக்கொரு கதை இருக்கும். இத்தனை வருடம் நான் மற்றவர்களுக்குச் செய்தது இதைத்தான்.

உனக்கு ஒன்று புரியாது. என்னிடம் இதுவரை யாருமே ரகசியம் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வாரம் அச்சில் வந்துவிடும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். உன் கல்யாணத் தேதியே எனக்குப் பத்திரிகை அடித்த பிறகுதான் தெரிந்தது. அப்படிப்பட்டவனிடம் ஒரு பெண், அதுவும் நான் மயங்கிப் பாயில் கிடக்கும்போது, வாயில் விரல் வைத்துக் காட்டினாள். பிறகு தனியாக வந்து, "சாமி சத்தியமா சொல்லமாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அந்தச் சத்தியத்தைச் சுமந்துகொண்டு ஒரு மாதமாகக் கடைவீதியில் நடக்கிறேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்திருக்கிறது. அதைப் போய்க் கேட்கிறாயே.

அந்த வீட்டில் போன வருடம் ஒன்று நடந்தது. மூன்று மாதம் முடிவதற்குள் ஊரெல்லாம் சொன்னார்கள். பிறகு ஊரெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தது. அதற்குமேல் என்னால் எழுத முடியாது. நீ படித்தவள், புரிந்துகொள்.

உன் அக்காவிடம் கேட்டால் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவளோ, "உங்க ரண்டு பேருக்கும் நடுவுல நான் வரலீங்க. அவ என்னியக் கூப்புட்டுப் பேசியே நாளாச்சு" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நீ என்னைத் தடுத்தாய், சரி. அவளுக்காவது போன் செய்திருக்கலாம்.

மாத்திரையை மட்டும் அனுப்பாதே.

ராஜேந்திரன்

---

சேலம்
9 ஜூலை 2025

மாமா,

இன்று ஜீப்பில் தலைச்சோலை போய் வந்தேன். ஏற்காடு வழியாகத்தான் போனேன். உங்கள் லாட்ஜ் வாசலில் நிறுத்தச் சொல்லி, பிறகு வேண்டாம் என்றுவிட்டேன்.

வெண்ணிலா வீட்டில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இருமியது கேட்டது. கூப்பிட்டேன், திறக்கவில்லை. வழியில் கம்பளி முக்காடு போட்ட ஒரு பெண்மணி கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரை விரலால் பிடிக்கவில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நீட்டினார். விரல் முட்டிகளைப் பார்த்தேன். "உங்க பேருங்க?" என்றேன். "பேர வெச்சு என்னங்க பண்றீங்க, காப்பி ஆறுது, குடிங்க" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர் வாய் திறந்து சொல்லாததை நான் விரலைப் பார்த்து எழுதிவிட முடியாது.

என்னிடம் எழுத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து மட்டும்தான். அது வெண்ணிலா என்கிறது. அதை மாற்றும் ஒரு வரி வெள்ளிக்கிழமை காலைக்குள் வராவிட்டால், ஊசி போட்ட பிறகு வெண்ணிலாவுக்கு மூட்டுவாதம் வந்தது என்றுதான் நான் குழுவுக்கு எழுதியாக வேண்டும். மாத்திரையை என்னால் இரண்டு நாள் தள்ளிப்போட முடியும். நிறுத்த முடியாது. காரணம் கேட்பார்கள்.

இன்னொன்று. உங்கள் ஜோக்கைக் கேட்டு அன்று நானும் சிரித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அந்தப் பெண்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரே சிரிக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். உங்கள் நம்பரைத் தடுத்தது உங்கள்மேல் உள்ள கோபத்தால் மட்டும்தானா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

அக்காவிடம் நான் பேசுகிறேன். இது முடியட்டும்.

ஹேமா

---

ஏற்காடு
10 ஜூலை 2025, வியாழன்

அன்புள்ள ஹேமா,

உட்கார்ந்து படி. தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்.

காலையில் உன் கடிதத்தை உன் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். காட்டக் கூடாதுதான். நீ சிரித்தேன் என்று எழுதிய இடத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க, உங்க வாயில ஒரு ரகசியம் நிக்கறது இதுதான் மொதத் தடவை. அது நிக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா? அந்தப் புள்ளை வயித்துல போயி நிக்குதுங்களே" என்றாள். காப்பியை அப்படியே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

சத்தியத்தை முறிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டு முறிக்கலாம் என்று தலைச்சோலைக்கு ஓடினேன். அதுதானே மரியாதை. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், "ரண்டு பேரும் விடியறதுக்கு முந்தியே பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. எங்கேன்னு சொல்லலீங்க" என்றார்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து பயமுறுத்தியதில் ஊரைவிட்டே போய்விட்டார்கள் ஹேமா. எங்கே போனார்களோ, பெங்களூருக்கோ, வேறெங்கோ. அந்த உடம்போடு, இந்த நேரத்தில்.

அதனால் எழுதுகிறேன். மேசை முன் வெண்ணிலா என்று உட்கார்ந்தது வெள்ளையம்மாள். நேற்று உனக்குக் காப்பி கொடுத்ததும் அவளாகத்தான் இருக்கும். வெண்ணிலாவுக்கு மே மாதம் முதல் ஊசி போட்டார்கள். ஜூன் முகாமுக்கு முன்னால் நாள் தள்ளிப்போனது. போன வருடம் கலைந்ததால் இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்வதில்லை என்று மாமியாரும் மருமகளும் முடிவெடுத்துவிட்டார்கள். நீ கேட்டால் சொல்ல வேண்டிவரும். சொல்லாமல் ஊசியும் போட்டுக்கொள்ள முடியாது, பிறக்கிற பிள்ளை யாரோ சாயலில் வரும் என்று ஒரு அறிவாளி மைக்கில் சொல்லியிருக்கிறான். வராமல் இருந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். எஸ்டேட்டில் அதுதானே வழக்கம். ஆகவே வெள்ளையம்மாள் மருமகளின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, முகத்துக்கு மாஸ்க் மாட்டிக்கொண்டு, கூப்பிட்டபோது "இருக்கறனுங்க" என்றாள். எனக்குப் பிள்ளை பெறுகிற வயசு தாண்டிவிட்டது, யார் சாயலில் என்ன வரப்போகிறது என்று என்னிடம் சிரித்தாள்.

நான் திரைக்குப் பின்னால் பாயில் கிடந்தேன். அந்தக் குரலைக் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். வெண்ணிலாவின் குரல் இல்லை என்று தெரிந்தது. எழுந்து "நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கலாம். எழுந்தால் ஊசியைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு எல்லாப் பேருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். எந்தச் சத்தியமும் அப்போது நான் செய்திருக்கவில்லை. வெள்ளையம்மாள் கேட்ட சத்தியம் பிறகு வந்தது. அது வந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அவள் விரல் எப்போதிலிருந்து அப்படி என்று எனக்குத் தெரியாது. ஊசியால்தான் வந்ததா, முன்பே இருந்ததா, கேட்கவே இல்லை. ஒரு மாதம் பலாப்பழம் தின்றேன், அதைக் கேட்கவில்லை.

இதை உன் குழுவுக்குக் கொடு. என் கையெழுத்து பொய் என்று நானே எழுதித் தந்ததாகச் சொல். மாத்திரையை நிறுத்து. அவர்களைத் தேடு. பிரவீனின் நம்பர் நர்சிடம் இருக்கும். ஒருவரும் சொல்லாத விஷயத்தை நான் ஒருவன் உடைக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண் இனி என் முகத்தில் விழிக்க மாட்டாள். விழிக்க வேண்டாம். பிள்ளை நன்றாகப் பிறந்தால் போதும், யார் சாயலில் பிறந்தாலும் சரி.

மூன்று முறை கிழித்து எழுதியதால் உறை தடித்துவிட்டது. கிழித்த தாள்களையும் உள்ளேயே வைத்திருக்கிறேன். எது உண்மையான கடிதம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் இருப்பதுதான் சரியானது.

உன் மாமா,
ராஜேந்திரன்

---

சேலம்
11 ஜூலை 2025, வெள்ளி

மாமா,

வெள்ளையம்மாள் நேற்றுக் காலை வந்தார். நான் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, வெண்ணிலாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். வெண்ணிலா வழி நெடுக வாந்தி எடுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வெள்ளையம்மாள் எழுந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

"எம்பேரு வெள்ளையம்மாளுங்க. நேத்து நீங்க கேட்டப்பச் சொல்லலீங்க. இவளுக்குன்னு போட்ட ரண்டாவது ஊசி என்ற கையிலதானுங்க ஏறுச்சு. நோவும் என்னுதுதானுங்க. அதுக்கு மாத்திரை மட்டும் இவ திங்கோணுங்களா? இது என்ன நாயமுங்க?"

இரண்டு வருடமாகவே விரல் மடங்கவில்லையாம். களை வெட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று யாரிடமும் காட்டவில்லை. போனில் நர்ஸ் கேட்டபோதுதான் முதன்முதலாக ஒருவர் வலிக்கிறதா என்று கேட்கிறார்களே என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். ஊசிக்குப் பிறகு ஒரு நாள் காய்ச்சல், கையில் வலி, அவ்வளவுதான் என்கிறார். அவர் வார்த்தையை மட்டும் நம்பி அதை விட்டுவிட முடியாது. இனி மாதாமாதம் பார்ப்போம். இன்று மூட்டு மருத்துவர் வெண்ணிலாவுக்கு ஒதுக்கிய நேரத்தில் அவரைப் பார்த்தார். இந்த முறை அவர் பெயரிலேயே.

கர்ப்ப விஷயத்தை வெள்ளையம்மாள் நேற்றே என் காதோடு சொன்னார். "மூணு மாசம் ஆவலீங்க, சொல்லக் கூடாதுங்க. டாக்டருக்குச் சொன்னா அது சொன்ன கணக்குல வராதுங்க" என்றார். ஸ்கேன் எடுத்தோம். இதயத் துடிப்பு இருக்கிறது. வெண்ணிலா ஆய்விலிருந்து விலக்கப்பட்டுவிட்டாள். ஒரே ஒரு ஊசி, அதுவும் கருத்தரிப்பதற்கு முன்னால். பிரசவம் வரை நானே பார்ப்பேன்.

தலைச்சோலையை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள். மேற்பார்வை சரியில்லை என்று என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், அது நியாயம்தான். மற்ற ஊர்களில் திங்கட்கிழமை ஊசி மறுபடி தொடங்கலாம் என்று குழு வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. நேற்று மதியமே மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

கிளம்பும்போது, இதை ஏன் மாமா மூலமாகச் சொல்லியனுப்பவில்லை என்று வெள்ளையம்மாளிடம் கேட்டேன்.

"அவரு கதை எழுதறவருங்க. சுத்தி வளைச்சு விசயத்துக்கு வாறதுக்குள்ள புள்ளை பொறந்து நடக்க ஆரம்பிச்சிருமுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு பலாப்பழம் எடுத்துவைத்திருப்பதாகவும் சொல்லச் சொன்னார்.

அக்காவுக்கு நேற்று இரவு போன் செய்தேன். அவளும் நீங்களும் ஞாயிற்றுக்கிழமை இங்கே சாப்பிட வருகிறீர்கள்.

நேற்று மாலை மாதேஷ் உங்கள் உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மிகவும் தடிமனாக இருக்கிறது. நேரம் கிடைக்கவில்லை, இன்னும் பிரிக்கவில்லை.

ஹேமா